தலைமடையில் மறிப்பதா, கடைமடையில் வடிப்பதா? மெதுவான லைனில் ஸ்பாம் வடிகட்டும் வழிகள்

டயல்-அப் மோடம் கீச்சிடும் சத்தம் டெல்டாவில் ஓய்ந்து வெகுநாளாகிறது. அந்த வேகம் மட்டும் ஓயவில்லை. தினசரி டேட்டா தீர்ந்த பிறகு பல பிளான்களில் மிஞ்சுவது 64 கேபிபிஎஸ். கரண்ட் போய், பக்கத்து டவரின் பேட்டரியும் இறங்கிவிட்டால், கோடியக்கரைப் பக்கத்து 4ஜி போன் தூரத்து டவரின் 2ஜி-யைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. 56 கேபிபிஎஸ் மோடம் நல்ல நாளில் கொடுத்ததும் ஏறக்குறைய இவ்வளவுதான். இப்படிப்பட்ட லைனில் மெயில் பார்க்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது: மெயில் கம்பெனியின் ஃபில்டரை நம்பி விட்டுவிடலாமா, ஹெட்டரை (அனுப்புநர், பொருள் முதலான தலைப்பு வரிகளை) மட்டும் இறக்கிப் பார்த்து அழிக்கலாமா, நம் கம்ப்யூட்டரிலேயே ஃபில்டர் வைக்கலாமா, சொந்தமாக சர்வர் போடலாமா?

எது கெட்டிக்கார ஃபில்டர் என்பது இங்கே இரண்டாவது விஷயம். அது லைனுக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதுதான் முதல் விஷயம். வயலுக்குள் பாய்ந்த தண்ணீரை இறைத்துக் கொட்டுவது ஒன்று, தலைமடை ஷட்டரிலேயே மறிப்பது இன்னொன்று.

## எதை வைத்து எடை போடுவது

லைனில் இறங்கும் கிலோபைட்தான் முதல் கணக்கு. அடுத்தது, நல்ல மெயில் ஒன்று தவறி ஸ்பாமில் விழுந்தால் உங்களுக்கு என்ன நஷ்டம் என்பது. இது ஆளுக்கு ஆள் மாறும். கூட்டுறவுக் கடன் சங்கச் செயலாளருக்கு மெயில் அனுப்புகிறவர்கள் இருபது முப்பது பேர். எல்லாம் தெரிந்த முகவரிகள். சுவாமிமலையில் சிலை வார்க்கும் ஸ்தபதியின் கதை வேறு. அவருக்கு வரும் நல்ல ஆர்டரே ஸ்பாம் மாதிரிதான் இருக்கும்: முன்பின் தெரியாத வெளிநாட்டுக்காரர், ஆங்கிலத்தில், பணப் பேச்சோடு, அவசரமாக, இரண்டு படத்தையும் இணைத்து எழுதியிருப்பார். இந்த இருவருக்கும் ஒரே ஃபில்டரைச் சிபாரிசு செய்வது சரியாகாது.

மூன்றாவது, வேலை நடக்கும்போது லைன் அறுந்தால் என்ன ஆகும். கடைசியாக, பழுது வந்தால் யார் பார்ப்பார்கள்.

கணக்குக்காக ஒரு மெயில்பெட்டியை வைத்துக்கொள்வோம். நாளுக்கு 100 மெயில். அதில் 40 நல்லவை, ஒவ்வொன்றும் சராசரி 30 கேபி. மீதி 60 ஸ்பாம், சராசரி 25 கேபி. லைன் நொடிக்கு 4 கேபி இறக்குகிறது. கீழே வரும் பாப்-3, ஐமேப் இரண்டும் சர்வரிலிருந்து மெயிலை எடுக்கும் முறைகள். முழு ஹெட்டர் மெயிலுக்கு 6 கேபி, தேர்ந்த வரிகள் அரை கேபி.

| வழி | லைனில் இறங்குவது | நேரம் | லைன் அறுந்தால் |
|---|---|---|---|
| சர்வர் பக்க ஃபில்டர் | 1200 கேபி | 5 நிமிடம் | ஃபில்டருக்குப் பாதிப்பில்லை |
| ஐமேப், தேர்ந்த ஹெட்டர் வரிகள் மட்டும் | 1250 கேபி | 5 நிமிடம் 12 நொடி | விட்ட இடத்திலிருந்து தொடரலாம் |
| பாப்-3, முழு ஹெட்டர் | 1800 கேபி | 7 நிமிடம் 30 நொடி | அழித்தது அழியாமல் போகும் |
| கம்ப்யூட்டரில் ஃபில்டர் | 2700 கேபி | 11 நிமிடம் 15 நொடி | பாதியில் நின்ற மெயில் மறுபடி முதலிலிருந்து |

ஹெட்டருக்கு 6 கேபி போட்டிருப்பது பலருக்கு அதிகமாகத் தெரியலாம். மோடம் காலத்தில் ஹெட்டர் ஒன்றிரண்டு கேபிதான். இப்போது டிகிம் கையெழுத்து (மெயில் அந்த டொமைனிலிருந்துதான் வந்தது என்பதற்கான சான்று), எஸ்பிஎஃப் முடிவு (அனுப்பிய சர்வருக்கு அனுமதி உண்டா என்ற சோதனை), வழியில் உள்ள சர்வர்கள் ஒட்டும் முத்திரைகள் எல்லாம் சேர்ந்து, சின்ன ஸ்பாமில் உள்ளடக்கத்தைவிட ஹெட்டரே பெரியதாகிவிடுகிறது. 'ஹெட்டர் மட்டும் இறக்கினால் லைன் மிச்சம்' என்ற பழைய புத்திமதி பாதி உண்மையாகிப் போனதற்கு இதுதான் காரணம்.

## வழி ஒன்று: மெயில் கொடுப்பவரின் ஃபில்டர்

பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும். ஸ்பாம் லைனுக்கே வராது, உங்கள் கம்ப்யூட்டரில் எதுவும் நிறுவ வேண்டாம். ஆனால் 'போட்டுவிட்டு மறந்துவிடலாம்' என்று நினைத்தால் மூன்று இடங்களில் கால் இடறும்.

ஜிமெயில் ஸ்பாம் ஃபோல்டரில் உள்ளதை 30 நாளில் அழித்துவிடும். பாப்-3 வழியாக மெயில் எடுப்பவர்களுக்கு அந்த ஃபோல்டர் கண்ணிலேயே படாது. ஆகவே 15 நாளுக்கு ஒருமுறையாவது போன் ஆப்பில் ஸ்பாம் ஃபோல்டரைத் திறந்து பட்டியலை ஓட்டிப் பார்க்க வேண்டும். ஆப்பின் அமைப்பில் வெளிப் படங்களைக் காட்டும் முன் கேட்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பாமில் இருக்கும் படம் டேட்டாவைத் தின்பதோடு, இந்த ஐடி உயிரோடு இருக்கிறது என்று அனுப்பியவனுக்கும் சொல்லிவிடும். மெதுவான லைனுக்கு ஒத்தாசையாக இருந்த ஜிமெயிலின் எளிய எச்டிஎம்எல் பக்கம் 2024 தொடக்கத்தில் நிறுத்தப்பட்டுவிட்டதால், பிரவுசரில் பார்ப்பது 2ஜி-யில் பெரும் தொல்லை. ஆப்போ, ஐமேப் மென்பொருளோதான் கதி.

சொந்த டொமைன் வைத்து ஹோஸ்டிங்கில் மெயில் ஓட்டுகிறவர்களுக்கு சிபேனல் என்ற நிர்வாகப் பலகையில் ஸ்பாம் ஃபில்டர்ஸ் என்ற பக்கம் இருக்கும். உள்ளே ஓடுவது, ஒவ்வொரு மெயிலுக்கும் ஸ்பாம் மதிப்பெண் போடும் ஸ்பாம்அசாசின் என்ற மென்பொருள். மதிப்பெண் 5-ஐத் தொட்டால் ஸ்பாம் என்பது அதன் இயல்பு நிலை. அங்கே ஆட்டோ-டிலீட் என்று ஒரு பொத்தான் உண்டு. 5 மதிப்பெண்ணில் அதை ஆன் செய்யாதீர்கள். போன மெயில் எங்கே என்று தேட ஒரு தடயமும் இருக்காது. தனி ஃபோல்டருக்கு ஒதுக்கும் ஸ்பாம் பாக்ஸ் வசதியைப் போடுங்கள். அதற்கும் ஒரு மறைமுகச் செலவு உண்டு: அந்த ஃபோல்டரும் உங்கள் டிஸ்க் ஒதுக்கீட்டில்தான் சேரும். யாரும் பார்க்காமல் மாதக்கணக்கில் நிரம்பி, ஒரு நாள் ஒதுக்கீடு முட்டியதும் நல்ல மெயிலும் அனுப்பியவருக்கே திரும்பத் தொடங்கும்.

ஸ்தபதியின் பிரச்சினைக்கு இந்த வழியிலேயே ஒரு மருந்து இருக்கிறது. ஜிமெயிலில் புது ஃபில்டர் உருவாக்கி, 'சுவாமிமலை', 'பஞ்சலோகம்', 'நடராஜா' போன்ற சொற்களை ஆங்கில எழுத்தில், அவர்கள் எழுதக்கூடிய இரண்டு மூன்று ஸ்பெல்லிங்கில், 'அல்லது' போட்டுக் கொடுத்து, ஸ்பாமுக்கு ஒருபோதும் அனுப்பாதே என்ற பெட்டியை டிக் செய்தால் போதும். மொத்தமாக அனுப்பும் ஸ்பாம்காரனுக்குப் பஞ்சலோகம் தெரியாது. தொழிலின் சொந்தச் சொல்லே இங்கே சாவி. சிலை, சிற்பம் என்ற பொதுச் சொற்களைப் போட்டால் அந்தப் பலன் குறையும். ஒரு எச்சரிக்கை: உங்கள் இணையதளத்தைப் பார்த்து எழுதும் மோசடிக்காரனுக்கும் அந்தச் சொல் கிடைக்கும். விலைப்பட்டியல் கேட்டு வரும் மெயிலில் ஜிப், ஐஎஸ்ஓ கோப்பு இணைந்திருந்தால், எவ்வளவு பெரிய ஆர்டராக இருந்தாலும் திறக்க வேண்டாம்.

கடன் சங்கத்துக்கோ நேர்மாறு. தெரிந்த டொமைன்களுக்கு அனுமதிப் பட்டியல், மற்றதற்கு மதிப்பெண் வரம்பை 5-லிருந்து 4-க்கு இறக்குவது. பட்டியலில் அனுப்புநர் பெயரை நம்பாதீர்கள். 'வங்கி மேலாளர்' என்ற பெயரை யாரும் போட்டுக்கொள்ளலாம். முகவரியின் டொமைனைப் பாருங்கள். அதுவும் டிகிம் தேறியிருந்தால் மட்டுமே செல்லும்படி வைக்க முடிந்தால் உத்தமம்.

## வழி இரண்டு: ஹெட்டரைப் பார்த்து சர்வரிலேயே அழிப்பது

உங்கள் மெயில் சேவையின் ஃபில்டர் மட்டமாக இருந்து, அதை மாற்றும் அதிகாரமும் உங்களிடம் இல்லையென்றால் இந்த வழி. இதில் பாப்-3, ஐமேப் இரண்டும் ஒன்றல்ல, வித்தியாசத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும்.

பாப்-3 முறையில் மென்பொருள் முதலில் பட்டியலையும் அளவுகளையும் வாங்கும். பிறகு டாப் என்ற கட்டளையால் ஒவ்வொரு மெயிலின் ஹெட்டரையும் முழுசாக இறக்கும். 'பெயரும் பொருளும் மட்டும் கொடு' என்று பாப்-3-இடம் கேட்க முடியாது. வேண்டாததற்கு டிலீட் சொல்வீர்கள். இங்கேதான் சூட்சுமம். டிலீட் சொன்னவுடன் எதுவும் அழிவதில்லை, குறி மட்டுமே வைக்கப்படும். க்விட் என்று முறையாக விடைபெற்ற பிறகுதான் சர்வர் அழிக்கும். நடுவில் லைன் அறுந்தால் வைத்த குறி அத்தனையும் ரத்து. 2ஜி-யில் ஒரு போன் அழைப்பு வந்தாலே டேட்டா நின்றுபோகும். அரை மணி நேரம் உட்கார்ந்து 80 ஸ்பாமைத் தேர்ந்து அழித்தவர், அடுத்த முறை திறக்கும்போது அதே 80-ம் சிரித்துக்கொண்டு நிற்பதைப் பார்ப்பது இதனால்தான். போதாக்குறைக்கு, அறுந்த பழைய இணைப்பு சர்வரில் உயிரோடு இருப்பதாகவே பாவிக்கப்படும். மெயில்பெட்டி பூட்டியிருக்கிறது என்று பிழை வந்தால் பாஸ்வேர்டை மாற்றி மாற்றி அடிக்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் பொறுங்கள். அது தானே விடும்.

தப்பிக்க ஒரே வழி சின்னச் சின்னத் தவணை. 20 மெயில் பார்த்து, அழித்து, இணைப்பை முறையாக முடித்து, மறுபடி 20. மெயில்வாஷர் போன்ற மென்பொருள்கள் இந்த முன்னோட்ட வேலைக்கென்றே உள்ளவை. தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருளிலும் பாப் கணக்குக்கு ஹெட்டர் மட்டும் எடுக்கும் வசதி இருக்கிறது.

ஐமேப் இதைவிட எவ்வளவோ மேல். அனுப்புநர், பொருள், தேதி, ஸ்பாம் முத்திரை என்று வேண்டிய வரிகளை மட்டும் கேட்டு வாங்கலாம். மெயிலுக்கு அரை கேபி போதும். ஆனால் தண்டர்பேர்டை அப்படியே நிறுவினால் இந்த மிச்சம் கிடைக்காது, ஏனென்றால் அதன் இயல்பு அமைப்பு அகலமான லைனுக்கானது. மாற்ற வேண்டியவை:

- கணக்கு அமைப்பில், இந்தக் கணக்கின் மெயில்களைக் கம்ப்யூட்டரில் வைத்திரு என்ற டிக்கை எடுங்கள். அது இருந்தால் ஜங்க் ஃபோல்டர் உட்பட எல்லாம் பின்னணியில் இறங்கிக்கொண்டே இருக்கும்.
- தானாகக் கற்கும் ஜங்க் ஃபில்டரை நிறுத்துங்கள். அது ஒவ்வொரு புது மெயிலின் உடலையும் இறக்கிப் படித்துத்தான் முடிவு சொல்லும். லைனை மிச்சப்படுத்த வைத்த ஃபில்டரே லைனைத் தின்னும். பதிலாக, ஸ்பாம்அசாசின் போட்ட முத்திரையை நம்பு என்ற தெரிவைப் போடுங்கள்.
- பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புது மெயில் பார்ப்பதை 120 நிமிடமாக்குங்கள். ஒவ்வொரு முறை இணையும்போதும் டிஎல்எஸ் (இணைப்பை மறையாக்கும் முறை) கைகுலுக்கலுக்கே ஏறக்குறைய 5 கேபி போகும். பத்து மணி நேர வேலைநாளில் 60 முறை என்றால் 300 கேபி, ஒரு மெயில்கூட வராமலே.

ஹெட்டரைக் கண்ணால் பார்த்துப் பிரிப்பவருக்குத் தமிழில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. பொருள் வரி தமிழில் இருந்தால் அது பெரும்பாலும் பேஸ்64 என்ற, ஆங்கில எழுத்தும் எண்ணுமாக மாற்றும் குறியீட்டில்தான் பயணிக்கும். 'தமிழ்' என்ற சொல் யூடிஎஃப்-8-இல் 15 பைட். பேஸ்64 ஆனதும் 20 எழுத்து. உங்கள் மென்பொருள் குறியீட்டை அவிழ்க்காமல் நேரடி எழுத்தில் தேடுகிற ரகமாக இருந்தால், 'கடன்' என்று விதி எழுதி எத்தனை நாள் காத்திருந்தாலும் ஒன்றும் சிக்காது. விதி எழுதியதும் உங்களுக்கே ஒரு சோதனை மெயில் அனுப்பிப் பாருங்கள்.

## ஸ்பாமைவிடப் பெரிய எதிரி

ஒப்பீட்டிலிருந்து கொஞ்சம் விலகல்தான், ஆனாலும் இதைச் சொல்லாமல் கணக்கு முடியாது. ஒரு வாடிக்கையாளர் போன் கேமராவில் எடுத்த நான்கு படத்தை, ஒவ்வொன்றும் 4 எம்பி, அப்படியே இணைத்து அனுப்புகிறார். இணைப்புக் குறியீட்டில் அது ஏறக்குறைய 22 எம்பி ஆகும். நொடிக்கு 4 கேபி லைனில் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல். மேலே சொன்ன 60 ஸ்பாமும் சேர்ந்து தின்றது ஆறேகால் நிமிடம்தான்! பாப்-3-இல் இந்த மெயில் வரிசையின் நடுவில் உட்கார்ந்துவிட்டால் பின்னால் வரும் எல்லாமே காத்திருக்கும். லைன் அறுந்தால் மறுபடி முதல் பைட்டிலிருந்து.

ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும் அளவு விதி ஒன்று வேண்டும். தண்டர்பேர்டில், இத்தனை கேபி-க்கு மேல் இருந்தால் இறக்காதே என்ற அமைப்பில் 50 போடுங்கள். சர்வரில் சீவ் (மெயிலைச் சர்வரிலேயே பிரிக்க விதி எழுதும் மொழி) வசதி இருந்தால் இன்னும் நல்லது: 300 கேபி-யைத் தாண்டும் மெயிலை 'பெரியது' என்ற தனி ஃபோல்டருக்குத் தள்ளும்படி இரண்டு வரியில் விதி எழுதலாம். டவுனுக்குப் போகும் நாளில், நல்ல லைனில் அதைத் திறந்துகொள்ளலாம்.

## வழி மூன்று: கம்ப்யூட்டரிலேயே ஃபில்டர்

பாப்ஃபைல், தண்டர்பேர்டின் ஜங்க் பயிற்சி, லினக்ஸில் மெயிலை இறக்கித் தரும் ஃபெட்ச்மெயிலோடு ஸ்பாம்அசாசின் எல்லாம் இந்த ரகம். குப்பை முழுக்க வீட்டுக்குள் வந்த பிறகுதான் பிரிக்கும். கண்ணுக்கு ஓய்வு, லைனுக்கு இல்லை. மெதுவான லைன்காரர்களுக்கு இதை முதல் தெரிவாகச் சொல்வது வீண்.

என்றாலும் இரண்டு பேருக்கு இது பொருந்தும். ஒருவர், எந்த மெயிலையும் இன்னொருவர் இயந்திரம் ஒதுக்கிவிடக் கூடாது என்று கருதுபவர். மற்றவர், நள்ளிரவுக்குப் பிறகு லைன் சும்மா கிடக்கும் அலுவலகம். முறைப் பாசனம் மாதிரி, இரவு முறையை மெயிலுக்குக் கொடுத்துவிட்டுக் காலையில் பிரித்த பெட்டியைத் திறக்கலாம். ஸ்பாம்அசாசின் வைத்தால் உள்ளூர்ச் சோதனைகள் மட்டும் ஓடும்படி வையுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு மெயிலுக்கும் பிளாக்லிஸ்டுகளை (ஸ்பாம் அனுப்பும் ஐபி-களின் பட்டியல்களை) கேட்க டிஎன்எஸ் (இணையப் பெயருக்கு முகவரி சொல்லும் ஏடு) வினாக்கள் போய்க்கொண்டே இருக்கும். 2ஜி-யின் தாமதத்தில் ஒரு மெயிலுக்குப் பல நொடி பிடிக்கும்.

பயிற்சிக்குப் பொறுமை வேண்டும். ஸ்பாம்அசாசினின் கற்கும் பகுதி 200 ஸ்பாமும் 200 நல்ல மெயிலும் பார்க்கும்வரை வாயே திறக்காது. ஸ்பாமை மட்டும் ஊட்டிவிட்டு நல்ல மெயிலைக் காட்டாமல் விடுவதுதான் பொதுவாக நடக்கும் தப்பு. தமிழ் மெயில்களுக்கு இன்னும் கூடுதலாக மாதிரி வேண்டியிருக்கும். 'கடன்', 'கடனை', 'கடனுக்கு', 'கடனாக' எல்லாம் அதற்குத் தனித்தனிச் சொற்கள்.

## வழி நான்கு: வாடகை சர்வரில் சொந்த ஃபில்டர்

ஐந்தாறு பேர், சொந்த டொமைன், ஒரே மெதுவான லைன். உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ, இறால் குஞ்சுப் பண்ணையோ, பெரிய அரிசி ஆலையோ இப்படி இருந்தால் இந்த வழி யோசிக்கத்தக்கது. டேட்டா சென்டரில் சின்ன விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்) எடுத்து, மெயில்பெட்டி சர்வரான டவ்காட்டும் ஸ்பாம் ஃபில்டரான ஆர்ஸ்பாம்டியும் போட்டால், வடிகட்டுவது எல்லாம் அகலமான லைன் உள்ள இடத்தில் நடக்கும். இதன் அழகு பயிற்சியில் இருக்கிறது: இன்பாக்ஸிலிருந்து ஒரு மெயிலை ஜங்க்குக்கு நகர்த்தினால் சர்வர் அங்கேயே கற்றுக்கொள்ளும். உங்கள் லைனில் போவது நகர்த்து என்ற ஒரு கட்டளை மட்டுமே.

மறைமுகச் செலவு மாத வாடகையில் இல்லை, ஆளில் இருக்கிறது. டிஎல்எஸ் சான்றிதழ் புதுப்பிக்காமல் போனால் எல்லார் மெயிலும் ஒரே காலையில் நிற்கும். வைரஸ் சோதனைக்கு கிளாம்ஏவி சேர்த்தால் அது மட்டும் 1 ஜிபி-க்கு மேல் ராம் கேட்கும், சின்ன விபிஎஸ் மூச்சுத் திணறும். இன்னொரு பொறி: ஸ்பாம்ஹாஸ் என்ற பிளாக்லிஸ்டைக் கூகுளின் 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்டால் சரியான பதில் வராது, 127.255.255.254 என்ற பிழைக் குறிதான் வரும். எந்தப் பதில் வந்தாலும் 'பட்டியலில் இருக்கிறது' என்று எடுத்துக்கொள்ளும்படி சர்வரை அமைத்திருந்தால், நல்ல மெயில் அத்தனையும் திருப்பி அடிக்கப்படும். சர்வரிலேயே அன்பவுண்டு போன்ற சொந்த டிஎன்எஸ் ரிசால்வர் ஓட்ட வேண்டும். இதெல்லாம் பார்க்க ஆள் இல்லையென்றால் வழி ஒன்றே மேல்.

'அதே சர்வரை அலுவலகத்திலேயே ஒரு பழைய கம்ப்யூட்டரில் ஓட்டினால் வாடகை மிச்சமே?' என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்பாமைப் பொறுத்தவரை அது முற்றிலும் முட்டாள்தனமில்லை. அனுப்பும் ஐபி-யைப் பார்த்தே மறுத்துவிட்டால் மெயிலின் உடல் லைனுக்குள் வராது, ஒரு கேபி-க்குள் கதை முடியும். உதைப்பது வேறு இடத்தில். பெறும் சர்வர் அணைந்திருந்தால் அனுப்பும் சர்வர்கள் வழக்கமாக நான்கைந்து நாள் முயன்று பார்த்துவிட்டு மெயிலைத் திருப்பிவிடும். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு, அந்தப் பகுதியில் பல ஊர்களுக்குக் கரண்ட் வர அதைவிட அதிக நாளானது.